நம்ம ஊர் போலீஸ் லாக்: ஒரு வாரத்தை முழுசா உட்கார்ந்து படிச்சேன்

இலையுதிர்வாசி | செவ்வாய் இரவு 9:40

எங்க ஊர் போலீஸ் தங்களுக்கு வர்ற போன் கால் எல்லாத்தையும் வரிசையா எழுதி வாராவாரம் வெளியிடறாங்க. மாசசூசெட்ஸ்ல போலீஸ் தினசரிப் பதிவேடு வெச்சிருக்கணும், யார் வந்து கேட்டாலும் காட்டணும்னு சட்டமே இருக்காம். பத்து வருஷமா இங்க இருக்கேன், இப்பதான் ஒரு வாரத்தை ஒரு வரி விடாம படிச்சேன். 2024 அக்டோபர் 28 திங்கள்லேருந்து நவம்பர் 3 ஞாயிறு வரைக்கும். அடடா, மெகா சீரியல் எல்லாம் பிச்சை வாங்கணும். ரசிச்சதுல கொஞ்சம் தமிழ்ல தர்றேன்.

திங்கள் காலை 6:52, மான் மேல கார். மான் எழுந்து போயிடுச்சு, கார் போகல. 8:15க்கு நடுரோட்டில் வான்கோழிக் கூட்டம், அதுல ஒண்ணு நிறுத்தி வெச்சிருந்த கறுப்புக் காரை கொத்திக்கிட்டே இருக்கு. (கார்ல தெரியற தன் உருவத்தைப் பார்த்து இன்னொரு சேவல்னு நினைச்சு சண்டைக்குப் போகுமாம். போலீஸ் எழுதியிருக்கறது: "வான்கோழி ஒத்துழைக்கவில்லை.") மத்தியானம், வாசலில் நட்டிருந்த தேர்தல் பலகையைக் காணோம். சாயந்தரம் எதிர்வீட்டுக்காரரோடதையும் காணோம். ரெண்டும் வேற வேற கட்சி.

செவ்வாய் முழுக்க புகை நாத்தம். எங்கேயோ எரியுது, எங்கன்னு தெரியல. ஒரு மழை இல்லாம காய்ஞ்சு கிடந்த வாரம் அது, ஸ்டேட் முழுக்க புதர்த் தீ. மத்தியானம் 2:40க்கு ஒருத்தர் ஸ்டேஷனுக்கே வந்திருக்கார். பேங்க்லேருந்து பேசறோம்னு சொன்னவனுக்கு கிஃப்ட் கார்டு வாங்கி, பின்னாடி இருந்த நம்பரைச் சுரண்டிப் படிச்சுக் காட்டியிருக்கார். கடையை விட்டு வெளியே வந்தப்புறம்தான் உறைச்சிருக்கு.

புதன் 4:12: "வயதானவர், முகமூடி போன்ற தொப்பி, இரு கைகளையும் பின்னால் மறைத்தபடி மெதுவாக நடக்கிறார், வீடுகளை உற்றுப் பார்க்கிறார். ஆபீசர் பேசினார். வீட்டில் விட்டார். ஆல் இன் ஆர்டர்." இதைப் படிச்சு நானும் என் வீட்டுக்காரரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அச்சு அசல் நம்மூர்த் தாத்தா.

வியாழன் ஹாலோவீன், தீபாவளி ரெண்டும் ஒரே நாள். ராத்திரி 8:47க்கு "துப்பாக்கிச் சத்தம் போல, பத்துக்கு மேல்". போய்ப் பார்த்தா யாரும் இல்ல, காத்துல கந்தக வாசனையாம். வெள்ளி காலை, பக்கத்து வீட்டு மரத்தடியில மனுஷக் கால் தெரியுதுன்னு ஒரு கால். முந்தின நாள் அலங்காரத்துக்கு வெச்ச பிளாஸ்டிக் கால். சனி 7:05, இலை ஊதற மெஷின் சத்தம்னு புகார். ஊதினவரும் கூப்பிட்டுப் புகார்: பக்கத்து வீட்டுக்காரர் பைஜாமாவோட வந்து கத்தறார்.

ஞாயிறுதான் உச்சம். விடியக்காலை 1:48க்கு ஒரு பார்ட்டி சத்தம். அதுக்கு அடுத்த வரி 1:06. எழுத்துப் பிழைன்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அன்னிக்கு 2 மணி ஆனதும் கடிகாரம் திரும்ப 1 மணிக்குப் போயிடுச்சு. அதே வீடு, அதே பார்ட்டி, ரெண்டாவது புகார் முதல் புகாருக்கு முன்னாடியே வந்திருக்கு!

உங்க ஊர் லாக்ல என்ன இருக்கு? எடுத்து விடுங்க.

---

கணக்குப்பிள்ளை | செவ்வாய் இரவு 10:25

நானும் அதே ஊர்தான். நீங்கள் சொன்னதும் எடுத்துப் படித்தேன், பழக்கதோஷத்தில் எண்ணவும் செய்தேன்.

வீட்டு அலாரம் 19 தடவை அடித்திருக்கிறது. ஒன்றில்கூடத் திருடன் இல்லை. வேலைக்கு வந்த அம்மா, கடவுச்சொல் மறந்த மகன், பிறந்தநாள் பலூன் (ஹீட்டர் காற்றில் மிதந்து சென்சாருக்கு முன்னால் ஆடியிருக்கிறது). இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அமெரிக்காவில் திருட்டு அலாரம் அடித்துப் போலீஸ் போகும் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெறும் அலாரம்தான். சால்ட் லேக் சிட்டி 2000இல் வெறுத்துப்போய், யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் வருவோம் என்றே சட்டம் போட்டுவிட்டது.

அடுத்தது தெரியாமல் அடித்த 911 (இங்கே அவசர உதவி எண்). ஆண்ட்ராய்டில் பவர் பட்டனை ஐந்து தடவை அழுத்தினால் அதுவாகவே அழைக்கும். பாக்கெட்டுக்குள் அழுந்தினாலும் போதும். பழைய போனில் சிம் இல்லையே என்று குழந்தைக்கு விளையாடக் கொடுப்பவர்கள் கவனிக்க: சேவை இல்லாத போனிலிருந்தும் 911 போகும், போகவேண்டும் என்பது மத்திய விதி.

வன்முறைக் குற்றம் என்று சொல்லத்தக்கது அந்த வாரத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. 2020 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் மூன்று இடங்களின் அழைப்புப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டபோது, வன்முறைக் குற்றத்துக்குப் போன போலீஸ் நேரம் சுமார் 4 சதவீதம் என்று வந்தது. அதில் நியூ ஆர்லியன்ஸும் உண்டு. நம்முடையது வான்கோழி ஊர்.

---

ராத்திரிஷிப்ட் | புதன் காலை 7:15

ஷிப்ட் முடிச்சு இப்பதான் வீட்டுக்கு வந்தேன். நான் இதே ஸ்டேட்ல வேற ஊர்ல டிஸ்பாட்சர், அதாவது 911 கால் எடுத்து போலீஸை அனுப்பற ஆள். ஆறு வருஷமா ராத்திரி வேலை. லாக் படிக்கிறவங்களுக்கு ஒரு உள்விவகாரம் சொல்றேன்.

அந்த வரிகளை எழுதறது நாங்கதான். ஒரு காதுல போன், இன்னொரு காதுல ரேடியோ கேட்டுக்கிட்டே டைப் அடிக்கணும். அதனாலதான் தந்தி பாஷை. "ஆல் இன் ஆர்டர்"னா பார்த்தோம், பிரச்சனை இல்ல. "கான் ஆன் அரைவல்"னா போறதுக்குள்ள போயிட்டாங்க. "பீஸ் ரெஸ்டோர்ட்"னு இருந்தா அங்க நல்லா ஒரு சண்டை நடந்திருக்குன்னு அர்த்தம், கேஸ் ஆகல, அவ்வளவுதான். "வான்கோழி ஒத்துழைக்கவில்லை"ன்னு எழுதின மகராசன் யாரோ, அவருக்கு அன்னிக்கு காபி நல்லா இருந்திருக்கு.

லாக்ல சிரிப்பா தெரியற வரி போன்ல சிரிப்பா வராது. அந்த பிளாஸ்டிக் கால் இருக்கே, கூப்பிட்டவங்க நடுங்கிக்கிட்டுதான் கூப்பிட்டிருப்பாங்க.

---

பட்டாசுபாலு | புதன் மதியம் 12:10

வியாழன் 8:47. நான் எதுவும் சொல்ல விரும்பல. நியூ ஹாம்ப்ஷயர் பார்டர் நாப்பது நிமிஷம்னு மட்டும் சொல்லிக்கறேன்.

---

இலையுதிர்வாசி | புதன் மதியம் 12:31

பாலு, நீங்களா! கந்தக வாசனை வரைக்கும் பதிவாயிருக்கு.

---

வக்கீல்அல்ல | புதன் மதியம் 1:05

பாலு அவர்களுக்கு: மாசசூசெட்ஸில் தனியார் பட்டாசு முழுவதுமாகத் தடை. கம்பி மத்தாப்பும் சேர்த்துத்தான். பக்கத்து மாநிலத்தில் சட்டப்படி வாங்கி இங்கே கொண்டுவருவதும் குற்றமே. அபராதம் 10 டாலரிலிருந்து 100 டாலர், பொருளையும் பறிமுதல் செய்வார்கள். அபராதத்தை விடுங்கள். ஊரே காய்ந்து பற்றி எரிந்துகொண்டிருந்த வாரத்தில் சரவெடி வைத்திருக்கிறீர்கள்.

---

பட்டாசுபாலு | புதன் மதியம் 1:20

சரவெடி இல்ல, லட்சுமி வெடி. ஆனா நீங்க சொல்றது சரி. ஒரு பக்கெட் தண்ணி பக்கத்துலயே வெச்சிருந்தேன்னு சொன்னா மனசு ஆறுமா? அடுத்த வருஷம் டவுன் நடத்தற இடத்துல போய் கை தட்டிட்டு வந்துடறேன்.

---

ஞாயிறுதூக்கம் | புதன் மாலை 5:48

எல்லாரும் ஒத்துக்கறதால நானும். ஞாயிறு காலை 10:05க்கு "வெல்ஃபேர் செக், வெளிநாட்டிலிருந்து தாயார் அழைப்பு, நபர் உறங்கிக்கொண்டிருந்தார்"னு ஒரு வரி இருக்கே (ஆள் நல்லா இருக்காரான்னு போலீஸ் நேர்ல போய்ப் பார்க்கறதுதான் வெல்ஃபேர் செக்), அந்த உறங்கின நபர் நான்.

வாரா வாரம் ஞாயிறு காலை 9 மணிக்கு அம்மாவுக்கு போன் பண்ணுவேன். சென்னையில சாயந்தரம் ஆறரை. அன்னிக்கு கடிகாரம் மாறினதால வித்தியாசம் ஒன்பதரை மணி நேரத்துலேருந்து பத்தரை ஆயிடுச்சு. அம்மாவுக்கு இது தெரியாது. ஆறரைக்கு போன் வரல. ஏழரைக்கும் வரல, ஏன்னா முந்தின ராத்திரி தீபாவளி பார்ட்டி முடிஞ்சு போனை சைலன்ட்ல போட்டுத் தூங்கிட்டேன். எட்டேகாலுக்கு என் தங்கச்சி நெட்ல தேடி எங்க ஊர் போலீஸோட பத்து இலக்க நம்பரை எடுத்துக் கொடுத்திருக்கா. (இந்தியாவிலிருந்து 911 அடிச்சா இங்க வராது. உங்க ஊர் ஸ்டேஷன் நம்பரையும் உங்க முழு விலாசத்தையும் வீட்டுல எழுதிக் கொடுத்து வைங்க. விளையாட்டா சொல்லல.)

கதவைத் தட்டற சத்தத்துல எழுந்து, வேட்டியோட வாசலுக்கு வந்தா ரெண்டு ஆபீசர். "சார், உங்க அம்மாவுக்கு போன் பண்ணுங்க"ன்னார் ஒருத்தர். அவர் எதிர்லயே பண்ண வெச்சார். அம்மா அழுதுட்டாங்க. ஆபீசர் போகும்போது, "என் அம்மாவும் இப்படித்தான்"னார்.

---

வக்கீல்அல்ல | புதன் மாலை 6:30

அவர்கள் தட்டிவிட்டு நின்றதற்கும் ஒரு காரணம் உண்டு. ரோட் ஐலண்டில் மனைவி போன் செய்து கணவரின் நலம் பார்க்கச் சொன்னார். போன போலீஸ், கணவரை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குள் நுழைந்து துப்பாக்கிகளை எடுத்துச் சென்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நலம் விசாரிக்கும் கடமை என்பதை மட்டும் வைத்து வாரன்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்று 2021இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்து என்று நம்ப இடமிருந்தால் அது வேறு கதை.

---

வடலி | புதன் இரவு 8:02

நான் கனடா, டொரோண்டோவுக்கு வெளியால. எங்கட பொலிஸ் இப்பிடி வரி வரியா வடிவா எழுதிப் போடுறேல்லை. வாசிக்கப் பொறாமையா இருக்கு.

எங்கட மாமி வந்த புதுசில ஊருக்கு எடுக்கிறன் எண்டு நம்பரை மாறி அடிச்சு 911க்குப் போட்டுது. அங்கால ஒரு பெம்பிளை இங்கிலீசில ஏதோ கேக்க, மாமி பயந்து போனை வச்சிட்டா. திருப்பி அடிச்சாங்கள். மாமி எடுக்கேல்லை. பத்து நிமிசத்தில பொலிஸ் வாசல்ல. யூனிபோமைக் கண்டோன்ன மாமி போய் சாமியறைக்குள்ள இருந்திட்டா. ஊரில நாங்கள் கண்ட யூனிபோம் வேற, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பொலிஸ்காரன் தொப்பியைக் கழட்டிப்போட்டு வாசல்படியிலயே இருபது நிமிசம் நிண்டவன். பிழையா அடிச்சா வைக்காதேங்கோ, "பிழையா எடுத்திட்டன்" எண்டு சொல்லிப்போட்டு வையுங்கோ. அவ்வளவுதான் விசயம்.

இன்னொண்டு, அமெரிக்கா அமெரிக்கா எண்டு பீத்துறவைக்கு: அலபாமாவில முதல் 911 அடிச்சது 1968. எங்கட வின்னிபெக்கில 1959இலயே அவசரத்துக்கு அடிக்க 999 வந்திட்டுது.

---

வக்கீல்அல்ல | புதன் இரவு 9:15

சிரித்துக்கொண்டே படித்து வந்தேன். ஆனால் புதன் 4:12 வரியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் அலபாமா என்ற பெயர்தான்.

2015 பிப்ரவரி 6. அலபாமாவின் மேடிசன் என்ற புறநகர். பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த சுரேஷ்பாய் படேல், 57 வயது, மகன் வீட்டுத் தெருவில் காலையில் நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் போன் செய்தார்: தெரியாத ஆள், கறுப்பர், குளிர் குல்லா போட்டிருக்கிறார், வீடுகளைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். போலீஸ் வந்து நிறுத்தியது. அவருக்குத் தெரிந்தது "நோ இங்கிலிஷ்", "இந்தியா", வீட்டு எண். கைகளைப் பின்னால் பிடித்திருந்த நிலையில் ஒரு அதிகாரி அவரைத் தரையில் அடித்து வீழ்த்தினார். காரின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. அதிகாரி மீதான மத்திய வழக்கில் இரண்டு தடவை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, 2016 ஜனவரியில் நீதிபதி அவரை விடுவித்தார்.

அங்கே போன் செய்தவர் சொன்னதையும் நம் லாக் வரியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை | புதன் இரவு 9:50

வருத்தமான சம்பவம்தான். ஆனால் கூப்பிட்டவரை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. மூக்கும் கண்ணும் மட்டும் தெரியும் மங்கி குல்லாவை நாம் பேருந்து நிலையத்தில் வாங்கிப் போட்டுக்கொள்வோம், இங்கே அது வங்கிக் கொள்ளைக்காரனின் சீருடை. சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள் என்று போலீஸே சொல்கிறது. நம் ஊரில் ஆபீசர் வந்தார், பேசினார், வீட்டில் விட்டார். அமைப்பு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. இதைப் பெரிதாக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

---

சும்மாபடிப்பவன் | புதன் இரவு 11:36

இந்த இடத்தை மூணு வருஷமா படிக்கறேன், எழுதினதில்லை. இப்ப எழுதறேன்.

அது என் அப்பா.

இங்கே படிச்சுத்தான் எனக்கே தெரியும். புதன்கிழமை, எங்க தெரு பக்கம், அந்தக் குல்லா, கையைப் பின்னாடி கட்டற பழக்கம். பொன்மலை ரயில்வே பட்டறையில 34 வருஷம் சூப்பர்வைசரா நடந்த நடை அது. கையை மறைச்சு நடக்கலை, அது அப்படித்தான் இருக்கும். வீடுகளை உற்றுப் பார்க்கறதும் உண்மைதான். வந்த நாள்லேருந்து அவருக்கு ஒரே ஆச்சரியம், இவ்வளவு பெரிய வீட்டை மரத்துலயே கட்டியிருக்கானே, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போட்டிருப்பான்னு.

ரெண்டு வாரமா முழங்கால் வலின்னு சொல்லி வாக்கிங் போகறதில்லை. தைலம் வாங்கிக் கொடுத்தேன். இன்னிக்கு சாப்பாட்டுக்கு அப்புறம் மெல்லக் கேட்டேன். "ஆமா, ஒரு பையன் கார்ல கொண்டுவந்து விட்டான், நல்ல பையன்"னார். ஏம்ப்பா சொல்லலன்னு கேட்டா, "நீ ஆபீஸ்ல இருந்தே"ன்னார். ரெண்டு வாரமும் நான் ஆபீஸ்லயே இல்லை.

இலையுதிர்வாசி, சிரிச்சதுக்கு உங்க மேல கோபமில்லை. நானும் அந்த வரி வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் படிச்சேன். கணக்குப்பிள்ளை, அமைப்பு சரியா வேலை செஞ்சிருக்கலாம். அப்பா வாசல் தாண்டறதில்லை.

---

இலையுதிர்வாசி | வியாழன் காலை 6:20

மன்னிக்கணும். வேற என்ன எழுதறதுன்னு தெரியல. அந்த வரியை முதல் பதிவுலேருந்து எடுத்துடவா?

---

சும்மாபடிப்பவன் | வியாழன் காலை 6:41

வேண்டாம், இருக்கட்டும்.

---

ராத்திரிஷிப்ட் | வியாழன் காலை 7:30

இந்த மாதிரி கால் எனக்கு வாரத்துக்கு ரெண்டு மூணு வரும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் கேள்வி "அவர் என்ன செய்யறார்?" பார்க்க எப்படி இருக்கார்ங்கறது ரெண்டாவதுதான். கார் கதவை இழுத்துப் பார்க்கறாரா, ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கறாரா? "இல்ல, நடக்கறார்." சரி, நடக்கறது குற்றமில்ல. ஆனா கூப்பிட்டவங்க வரணும்னு நின்னா கார் அனுப்பித்தான் ஆகணும், அனுப்பலன்னா நாளைக்கு எங்க தலை உருளும். அப்ப நான் செய்யக்கூடியது ஒண்ணுதான். ஆபீசருக்கு ரேடியோவுல சொல்லும்போது "முதியவர், வழி தவறியிருக்கலாம்"னு சொல்றதுக்கும் "சந்தேக நபர், முகமூடி"ன்னு சொல்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆபீசர் கார்லேருந்து இறங்கும்போது கை எங்க இருக்கும்ங்கறது அந்த ஒரு வாக்கியத்துல இருக்கு. புதன்கிழமை சீட்ல இருந்தவர் சரியாச் சொல்லியிருக்கார்னு நினைக்கறேன்.

அப்பா அம்மா வந்தா பாக்கெட்ல விலாசமும் உங்க நம்பரும் எழுதின அட்டை ஒண்ணு போட்டு அனுப்புங்க. ஆனா போலீஸ் நிறுத்தினா அதை எடுக்க சட்டுனு பாக்கெட்டுக்குள்ள கை விடக்கூடாதுன்னு கட்டாயம் சொல்லி வைங்க. கை வெளியே தெரியட்டும், "கார்டு இன் பாக்கெட்"னு சொன்னா போதும். பெத்தவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கேன்னு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.

---

கணக்குப்பிள்ளை | வியாழன் மாலை 6:12

நான் எழுதிய விதம் தவறு. அப்பாவிடம் நேரில் சொல்லவும் தயார்.

பேச்சை மாற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள், நேற்று முழுக்க ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. வன்முறை எதுவும் இல்லை என்று எழுதினேன் அல்லவா? ஒவ்வொரு அழைப்புக்கும் வரிசை எண் உண்டு. திரும்ப எடுத்து எண்களை மட்டும் பார்த்தேன். சில இடங்களில் எண் தாவுகிறது. சனி இரவில் மட்டும் மூன்று எண்களைக் காணோம்.

---

வக்கீல்அல்ல | வியாழன் மாலை 7:00

இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பதிவேட்டைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்ற அதே சட்டத்தை 2014இல் திருத்தினார்கள். குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை தொடர்பான புகார்களும் குடும்ப வன்முறைக் கைதுகளும் பொதுப் பதிவில் வராது. வேறாக வைப்பார்கள். ஊர் சிறியது, தெருப் பெயர் போட்டாலே யார் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்று பயந்து போன் செய்யாமல் இருந்துவிடுவார்கள். அதற்காகத்தான் இந்தப் பாதுகாப்பு. கைது செய்யப்பட்டவனின் பெயரும் அதனாலேயே மறைந்துபோகிறது என்று அப்போது பத்திரிகைத் தரப்பில் எதிர்ப்பும் இருந்தது.

---

ராத்திரிஷிப்ட் | வியாழன் இரவு 8:25

எண் தாவற எல்லாமே அது இல்ல. மெடிக்கல் கால் சிலது போடமாட்டாங்க, ரெண்டு பேர் ஒரே விஷயத்துக்குக் கூப்பிட்டு ஒண்ணை ரத்து பண்ணினதும் இருக்கும். அதனால எண்ணி முடிவுக்கு வரவேண்டாம். ஆனா சனி ராத்திரி... சரி, அதுக்கு மேல நான் பேசறது சரியில்ல.

---

மூன்றாம்மாடி | வியாழன் இரவு 11:58

நான் அப்படி ஒரு காணாமல் போன எண்ணாக இருந்திருக்கிறேன். இந்த ஊர் இல்லை, இந்த வாரமும் இல்லை. சில வருடங்கள் ஆயிற்று.

நான் கூப்பிடவில்லை. கீழ்வீட்டில் இருந்த அம்மாள் கூப்பிட்டார். அதுவரை அவரோடு நான் பேசியது ஹலோ மட்டும். போலீஸ் வந்ததும் என் கணவர் வாசலில் நின்று ஆங்கிலத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினார். எனக்கு வாயே வரவில்லை. இரண்டாவது ஆபீசர் பெண். என்னைத் தனியாகச் சமையலறைக்கு அழைத்துப் போய், எந்த மொழி என்று கேட்டு, போனில் யாரையோ பிடித்தார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் "வணக்கம்மா, நான் மொழிபெயர்ப்பாளர், நீங்க பேசலாம்" என்றார். அதன் பிறகுதான் அழுதேன். அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

எச்4இல், அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் இருந்தேன். புகார் கொடுத்தால் அவர் விசா போய்விடும், அவர் விசா போனால் என் விசாவும் போய்விடும், ஊரில் முகம் காட்ட முடியாது என்று அவரும் சொன்னார், தொலைபேசியில் என் அத்தையும் சொன்னார். அடிபட்டுப் போலீஸோடு ஒத்துழைப்பவர்களுக்கென்றே யு விசா என்று ஒன்று 2000லிருந்து இருக்கிறது. வருடத்துக்கு 10,000தான் தருகிறார்கள், வரிசை மிக நீளம், எல்லாருக்கும் பொருந்தாது. ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு மூச்சு வந்தது. பாஸ்டன் பக்கம் தெற்காசியப் பெண்களுக்காக சஹேலி என்ற அமைப்பு இருக்கிறது. 209ஏ என்ற பாதுகாப்பு உத்தரவு வாங்க நீதிமன்றத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் போகலாம். நான் அப்படித்தான் போனேன்.

தாத்தா நடந்ததற்குக் கூப்பிட்டவர்களைப் பற்றி எல்லாரும் பேசினீர்கள், சரிதான். என்னைப் பொறுத்தவரை, பக்கத்து வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று அந்த அம்மாள் நினைக்கவில்லை. அவர் கேட்டது சத்தம். குல்லாவையோ நிறத்தையோ பார்த்துக் கூப்பிடவில்லை.

---

வடலி | வெள்ளி காலை 5:40

தங்கச்சி, நீங்கள் எழுதினது நல்லது. நித்திரையில்லாமல் வாசிச்சுக்கொண்டிருக்கிறன்.

---

ராத்திரிஷிப்ட் | வெள்ளி காலை 7:20

மூன்றாம்மாடி எழுதினதுக்குப் பின்னாடி இதைச் சேர்க்கறேன், யாருக்காவது எப்பவாவது வேணும். பேச முடியாத நிலைமையில 911 அடிச்சா வைக்காதீங்க. மாசசூசெட்ஸ்ல ஒரு முறை உண்டு: போலீஸ் வேணும்னா 1 அழுத்தணும், தீ 2, ஆம்புலன்ஸ் 3. நாங்க கேக்கற கேள்விக்கு ஆமான்னா 4, இல்லன்னா 5. வாயே திறக்க வேண்டாம். 911க்கு குறுஞ்செய்தியும் அனுப்பலாம், முதல் வரியில விலாசம் எழுதுங்க. பேச முடிஞ்சா, இங்கிலீஷ் வரலன்னா "டமில்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் காத்திருங்க. ஆள் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், லைன் அமைதியா இருக்கும். அமைதியா இருக்கேன்னு வெச்சுடாதீங்க.

---

இலையுதிர்வாசி | வெள்ளி இரவு 9:05

வேடிக்கைன்னு ஆரம்பிச்சேன். இன்னிக்கு அந்த லாக்கைத் திரும்பத் திறந்து சனி ராத்திரியில எண் தாவற இடத்தைப் பார்த்தேன். மேல ஒரு இலை மெஷின் புகார், கீழ ஒரு பார்ட்டி. நடுவுல ஒண்ணுமே இல்ல. முதல் தடவை படிச்சப்போ என் கண்ணுக்கு அது தெரியவேயில்ல.

சும்மாபடிப்பவன், உங்க தெரு எதுன்னு கேக்க மாட்டேன். ஆனா எங்க மாமனாரும் டிசம்பர் வரைக்கும் இங்கதான் இருக்கார். அவரும் கையைப் பின்னாடி கட்டறவர்தான். சாயந்தரம் நாலு மணிக்கு லைப்ரரி வாசல்ல ரெண்டு பேரும் சந்திச்சா நல்லா இருக்கும்னு தோணுது.

---

சும்மாபடிப்பவன் | ஞாயிறு இரவு 8:30

போனாங்க. நேத்தும் இன்னிக்கும். உங்க மாமனார் மின்சார வாரியமாம். ரெண்டு பேரும் லைப்ரரிக்குப் பின்னாடி நின்னு டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துக்கிட்டு முக்கால் மணி நேரம் பேசியிருக்காங்க. இந்த வார லாக்ல வந்தாலும் வரும், தயாரா இருங்க.

குல்லா போட வேண்டாம்னு நான் சொல்லலை. அவரா போடாமப் போனார். அதைப் பார்த்துக்கிட்டு நின்னது எனக்குப் பிடிக்கலை.

நேத்து ராத்திரி அந்த வரியை அவருக்குப் படிச்சுக் காட்டினேன், கேட்டார்னு. "என் பேர் போட்டிருக்கானா?" இல்லப்பா. "அப்ப என்ன போட்டிருக்கான்?" எல்டர்லி மேல்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "68 வயசு எல்டர்லியா?" அப்புறம், "வேற என்ன?" மெதுவாக நடக்கிறார்னு இருக்குப்பா. எழுந்து உட்கார்ந்துட்டார். "மெதுவாவா? நானா? எந்த மடையன் எழுதினான்?"